மேடைப் பேச்சும் வண்டிப் பாதையும்

மேடையில் பேசுகிறவன் என்று எனக்கு ஒரு சின்னப் பெயர் உண்டு. கதை எழுதுகிறவனைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் அவன் பேசித்தானே ஆக வேண்டும்? முதலில் கை கால் நடுங்கியது. பிறகு நடுக்கம் போயிற்று. அதற்குப் பிறகு நேரம் போவதே தெரியாமல் போயிற்று. இந்த மூன்றாவது கட்டம்தான் ஆபத்தானது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைசியில் சொன்னது செஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மல்லாட்டைக் கொல்லை. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. அந்தப் பக்கத்தில் அப்படிச் சொன்னால்தான் புரியும்.

என் அக்கா செஞ்சியில் இருக்கிறாள். தொடர்கதை ஒன்றுக்கு முடிவு அகப்படாமல் திண்டாடிக்கொண்டிருந்த சமயம், பத்து நாள் அவள் வீட்டில் போய் உட்கார்ந்தேன். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில், பாறைகளை வாரிக் கொட்டியது போன்ற மூன்று குன்றுகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் வளைத்து மதில். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, பன்னிரண்டாவது இது. ஆனால் ஊர்க்காரர்களைக் கேட்டால் யுனெஸ்கோவுக்கு முன்னால் தேசிங்கு ராஜன் பேரைத்தான் சொல்வார்கள். 1714-ல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட வாலிபன் அவன். வீரத்துக்குக் குறைவில்லாத ஊர். வாய்ப்பேச்சுக்கும் குறைவில்லை என்று நினைத்திருந்தேன். என் அக்கா மகளைப் பார்த்த பிறகு அந்த அபிப்பிராயம் மாறிற்று.

அவள் சட்டம் படித்துவிட்டு, வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு, ஊரிலேயே ஒரு பெரியவரிடம் ஜூனியராக இருந்தாள். ஒரு வருஷமாகக் கட்டுத் தூக்குவதும், வாய்தா வாங்குவதுமாகக் காலம் போயிற்று. திடீரென்று அந்தப் பெரியவருக்குக் கண் ஆபரேஷன். சென்னைக்குப் புறப்படும்போது ஒரு கேஸ் கட்டை அவள் கையில் கொடுத்து, "செவ்வாய்க்கிழமை இடைக்கால மனு. நீயே சொல்லிவிடு" என்று போய்விட்டார்.

சனிக்கிழமை இரவு அவள் சாப்பிடவில்லை.

"மாமா, எழுந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது" என்றாள்.

இப்படி ஒரு வார்த்தைக்காகத்தான் நான் காத்திருந்தேனோ என்னவோ, உடனே எனக்கு உத்ஸாகம் வந்துவிட்டது. காந்தியின் கதையைச் சொன்னேன். லண்டனில் பாரிஸ்டர் ஆகித் திரும்பியவர், பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் மமீபாய் என்ற பெண்மணிக்காக முதல் வழக்கில் ஆஜரானார். பீஸ் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றிற்று, ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லி, கோர்ட்டை விட்டே வெளியேறினார். அந்த வேறு வக்கீலுக்கு 51 ரூபாய் ஆயிற்று.

"காந்திக்கே அப்படி என்றால் உனக்கென்ன?" என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. விட்டேனா? நானி பால்கிவாலா சிறுவயதில் திக்குவாய் என்பதைச் சொன்னேன். கிரேக்க நாட்டு டெமாஸ்தனிஸைப் பற்றிச் சொன்னேன். முதல் தடவை பேசியபோது ஜனங்கள் அவரைக் கேலி செய்து சிரித்தார்கள். அவர் வாயில் கூழாங்கற்களை அடக்கிக்கொண்டு பேசிப் பழகினார். கடல் இரைச்சலுக்கு எதிரே நின்று கத்தினார். மேட்டில் ஏறிக்கொண்டே மூச்சு வாங்காமல் வாக்கியங்களைச் சொன்னார் என்று புளூடார்க் எழுதியிருக்கிறார்.

"கடல் இங்கே இல்லை. மேடு இருக்கிறது" என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோட்டைக் கதவு திறந்ததும் சீட்டு வாங்கிக்கொண்டு இருவரும் ராஜகிரி ஏறினோம். சுமார் 800 அடி உயரம். அவள் வாதத்துக்கு நானே ஒரு முன்னுரை எழுதிக் கொடுத்திருந்தேன். எழுதிக் கொடுத்தேன் என்றால் சாதாரணமாக எழுதவில்லை. 'கணவனை இழந்து, கண்ணீரையே துணையாகக் கொண்ட ஒரு மூதாட்டி...' என்று தொடங்கும். நடுவில் தேசிங்கு ராஜனின் நீதி வரும். கடைசியில் செஞ்சி மலை சாட்சி சொல்லும். படி ஏற ஏற அவள் அதை உரக்கச் சொன்னாள். உச்சிக்குக் கீழே பாறை பிளந்து பள்ளமாக இருக்கிற இடத்தில் ஒரு சின்னப் பாலம் உண்டு. அங்கே நின்று கடைசிப் பத்தியைச் சொல்லச் சொன்னேன். குரங்குகள் மரியாதையாக விலகி உட்கார்ந்தன. எனக்குப் பரம திருப்தி.

கேஸ் கட்டை நான் பிரித்துப் பார்க்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக் கழுத்துப் பட்டையும் கறுப்புக் கவுனுமாக என் மருமகள் எழுந்து நின்றாள். நாக்கு ஒட்டவில்லை. குரல் கணீரென்று வந்தது. 'கணவனை இழந்து' தொடங்கிற்று. எதிர்த்தரப்பு வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவாரசியமாகக் கேட்டார்.

இரண்டாவது நிமிஷத்தில் நீதிபதி மெதுவாகக் கேட்டார்: "பாதையின் அகலம் எவ்வளவு அம்மா?"

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறந்துபோகும். மனப்பாடம் செய்த எவருக்கும் நேருகிற கதிதான் அது. தேசிங்கு ராஜன் வந்துகொண்டிருந்தான். நீதிபதி மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை நின்றாள். கட்டைப் புரட்டினாள். எந்தத் தாளில் இருக்கிறது என்று தெரியவில்லை. மேஜை விசிறிக் காற்றில் தாள்கள் படபடத்த சத்தம் மட்டும் கேட்டது.

"வெள்ளிக்கிழமை வாருங்கள். பார்த்துக்கொண்டு வாருங்கள்" என்றார் நீதிபதி. கோபமாகச் சொல்லவில்லை. அதுவே அதிகமாகச் சுட்டது.

வெளியே வேப்ப மரத்தடியில் அந்தப் பாட்டி காத்துக்கொண்டிருந்தாள். நான் 'கண்ணீரையே துணையாகக் கொண்ட மூதாட்டி' என்று எழுதினேனே, அவள். கண்ணில் கண்ணீர் ஒன்றும் இல்லை. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி:

"வக்கீலம்மா, நான் சொன்னத அய்யாகிட்ட சொன்னியா?"

என் மருமகள் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று உள்ளே பேசப்பட்டதில் அந்தப் பாட்டி சொன்னது ஒரு வார்த்தை கூட இல்லை. பேசியதெல்லாம் நான்.

சங்கதி இதுதான். பாட்டிக்கு ஒரு ஏக்கரில் மல்லாட்டை. கொல்லைக்குப் போக அடுத்தவர் நிலத்தின் ஓரமாக ஒரு வண்டிப் பாதை. நிலத்தை விலைக்கு வாங்கிய புது மனிதர், பாதையின் குறுக்கே கல் தூண் நட்டுவிட்டார். கம்பி இழுக்க வேண்டியதுதான் பாக்கி. அறுவடைக்கு இன்னும் எட்டு, பத்து நாள். பாதை அடைபட்டால் வண்டி போகாது. ஈரத்தில் விட்டுவைத்தால் கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அவளுடைய ஒரு வருஷச் சாப்பாடு அந்தக் கொல்லையில் இருந்தது. அதற்கு நான் தேசிங்கு ராஜனைக் கொடுத்திருந்தேன்.

அந்த ஆபீஸில் ஒரு குமாஸ்தா இருந்தார். நாற்பது வருஷ சர்வீஸ். சட்டம் படித்தவரல்ல, ஆனால் சட்டம் படித்த பலரைப் பார்த்தவர். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து, தயங்கித் தயங்கி, "அம்மா நல்லாத்தான் பேசினாங்க. ஆனா கூட்டத்துல பேசுற மாதிரி பேசினாங்க" என்றார்.

எனக்கு ரோஷம் வந்தது. "ஏன் ஐயா, கேசவானந்த பாரதி வழக்கில் பால்கிவாலா எத்தனை நாள் பேசினார் தெரியுமா? 1972, 73-ல் அந்த வழக்கு மொத்தம் 68 நாள் நடந்தது" என்றேன்.

"இருக்கலாம் சார். அங்க பதிமூணு ஜட்ஜுங்க. விஷயம் அரசியல் சட்டம். இங்க ஒரு முனிசீப்பு. விஷயம் வண்டிப் பாதை" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். உண்மையில் உலகம் முழுவதும் கோர்ட்டுகள் பேச்சுக்குக் கயிறு கட்டித்தான் வைத்திருக்கின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலேயே ஒரு தரப்புக்கு வழக்கமாக அரை மணி நேரம்தான். நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் 2002-ல் அமலுக்கு வந்த திருத்தம், வாய்மொழி வாதத்துக்குக் கோர்ட் நேரம் நிர்ணயிக்க வேண்டும் என்கிறது. வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்தவர், அவையறிதலுக்கென்று தனியாக வேறோர் அதிகாரம் வைத்தது சும்மா அல்ல.

"முதல்ல இடத்தப் பாக்கணும் அம்மா" என்றார் குமாஸ்தா.

புதன்கிழமை மூவரும் கொல்லைக்குப் போனோம். பாட்டி முன்னால் நடந்தாள். என் மருமகள் டேப் பிடித்து அளந்தாள். தொடக்கத்தில் பத்தடி, புளிய மரத்தருகில் பதினோரு அடி. வண்டிச் சக்கரம் உருண்டு உருண்டு இரண்டு தடம் பள்ளமாக விழுந்திருந்தது. புலப்பட நகலை விரித்து எல்லைக் கல்லைப் பார்த்தோம். அப்போது அவள் பாட்டியிடம் கேட்டாள்:

"முப்பது வருஷமா இந்தப் பாதை இருக்குதில்லே பாட்டி?"

பாட்டி "ஆமா" என்றாள்.

குமாஸ்தா இருமினார். "அம்மா, அப்படிக் கேக்கக் கூடாது. நம்ம சாட்சி வாயில நாமே பதிலப் போடற கேள்வி அது. எதிர்க்கட்சி எழுந்து ஆட்சேபணை சொல்வாங்க."

அது சட்டத்திலேயே இருக்கிறது. 1872-ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதீய சாக்ஷிய அதிநியமத்திலும் இருக்கிறது. விடையை உள்ளே வைத்துக் கேட்கிற கேள்வியை எதிரியின் சாட்சியிடம் கேட்கலாம். நம் சாட்சியை முதலில் விசாரிக்கும்போது, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், கோர்ட் அனுமதியில்லாமல் கேட்கக் கூடாது. இது ஏதோ வக்கீல்களின் சம்பிரதாயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதன் அர்த்தம் அடுத்த நிமிஷம் விளங்கிற்று.

"வேற மாதிரி கேளுங்க" என்றார் குமாஸ்தா.

அவள் சற்று யோசித்து, "பாட்டி, இந்தப் பாதைய நீங்க முதல்ல எப்பப் பாத்தீங்க?" என்றாள்.

பாட்டி சிரித்தாள். "கண்ணாலம் ஆயி வந்த அன்னிக்கி. இந்த வழியாத்தான் வண்டி வந்துச்சு. அதோ அந்தப் புளிய மரத்துக்கிட்ட மாடு மெரண்டு, நான் கீழ வுழுந்தேன். எம் மாமியா சாவுற வரைக்கும் சொல்லிச் சிரிச்சா."

கல்யாணம் ஆகி நாற்பத்தொரு வருஷம். முப்பது என்று நாமே சொல்லிக் கொடுத்திருந்தால் பதினோரு வருஷம் காணாமல் போயிருக்கும். மாடு மிரண்டதும் போயிருக்கும். 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி, தடையில்லாமல் பகிரங்கமாக, உரிமையோடு 20 வருஷம் பயன்படுத்திய பாதைக்கு உரிமை கோரலாம். பாட்டியிடம் அதைப்போல் இரண்டு பங்கு இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

திரும்பி வரும்போது குமாஸ்தா என்னிடம், "சார், நீங்க எழுத்தாளர். கண்ணகி பாண்டியன் சபையில எவ்வளவு நேரம் பேசியிருப்பா?" என்று கேட்டார். நான் யோசித்தேன். ராஜாவின் சிலம்பில் முத்து; தன் சிலம்பில் மாணிக்கம். வழக்கு அந்த ஒரு விவரத்தில் முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் தீர்ப்புக்குப் பிறகு வந்த கோபம்.

காந்தி கதையில் நான் சொல்லாமல் விட்ட பாதியும் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பம்பாயில் வாய் திறக்காத அதே மனிதர் 1893-ல் தென்னாப்பிரிக்கா போய், தாதா அப்துல்லாவின் வழக்குக்காகக் கணக்குப் புத்தகங்களை வரி வரியாகப் படித்தார். கணக்கு வைக்கிற முறையையே கற்றுக்கொண்டார். சட்டத்தில் முக்கால் பங்கு விவரங்கள்தாம் என்ற பாடம் அங்கேதான் அவருக்கு உறைத்தது. அந்த விவரங்களே கட்சிக்காரர் பக்கம் பலமாக இருப்பதைக் கண்டவர், கடைசியில் இரு தரப்பையும் சமரசத்துக்குக் கொண்டுவந்தார்.

வியாழக்கிழமை பிற்பகல் கோர்ட் வேலை முடிந்ததும் மறுபடியும் கோட்டைக்குப் போனோம். இந்தத் தடவை மலை ஏறவில்லை. குமாஸ்தாவுக்கு முழங்கால் வலி. அடிவாரத்தில் கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் பழைய நெற்களஞ்சியம் இருக்கிறது. தடித்த சுவர், வளைந்த கூரை. உள்ளே போய்க் குமாஸ்தா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். அவர்தான் நீதிபதி. எனக்கு எதிர்த்தரப்பு உத்தியோகம் கொடுத்தார்கள்.

என் மருமகள் ஆரம்பித்தாள். அந்தக் களஞ்சியத்தில் ஒரு வார்த்தை சொன்னால் அது கூரையில் மோதித் திரும்பி வந்து அடுத்த வார்த்தையின் மேல் விழுந்தது. வேகமாகப் பேசினால் வெறும் கும்மென்ற சத்தம்தான். ஒரு வாக்கியம் சொல்லி, எதிரொலி அடங்கும்வரை நின்று, பிறகு அடுத்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. நாலைந்து தரம் ஆனபின் அவளுக்கே அது பிடிபட்டது. வாக்கியங்கள் சின்னதாயின. இடையில் மௌனம் வந்தது. மௌனத்தில் அவள் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

குமாஸ்தா இரக்கமே இல்லாமல் குறுக்கிட்டார். அவர் வாய் திறந்தவுடன் அவள் பாதி வார்த்தையிலும் நிறுத்த வேண்டும். கேள்விக்கு முதலில் 'ஆம்' அல்லது 'இல்லை'. காரணம் அதற்குப் பிறகு. எந்த ஆவணமானாலும் பக்க எண்ணோடு சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்திலேயே நமக்கு வேண்டியது என்ன என்பது வந்துவிட வேண்டும்.

"நம்ம பலவீனம் என்ன?" என்று கேட்டார் கடைசியில்.

"பாட்டியோட கிரயப் பத்திரத்துல பாதையைப் பத்தி ஒண்ணும் இல்லே" என்றாள் அவள், சிறிது தணிந்த குரலில்.

"அத யாரு முதல்ல சொல்லப் போறாங்க? அவங்களா, நீங்களா?"

அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை செஞ்சியில் சந்தை நாள். ஆட்டு வியாபாரிகளின் சத்தத்தைத் தாண்டிக் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அதே கடைசி பெஞ்சு. அவள் எழுந்தாள். குரல் கணீரென்று இல்லை. கொஞ்சம் நடுங்கியது கூட.

"கம்பி இழுத்துப் பாதையை அடைக்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும், பாதையைப் பார்வையிட ஒரு கமிஷனரும் கேட்கிறோம். பாதையின் அகலம் பத்தடி. புளிய மரத்தருகே பதினோரு அடி. வரைபடம் ஒன்பதாம் பக்கம்" என்றாள். நிறுத்தினாள். நீதிபதி ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டுகிறவரை காத்திருந்தாள். மனுதாரர் நாற்பத்தொரு வருஷமாக அந்தப் பாதையில் போய்வருவதைச் சொன்னாள். எட்டு நாளில் அறுவடை என்பதைச் சொன்னாள். "பத்திரத்தில் பாதை குறிப்பிடப்படவில்லை. பத்திரத்தை வைத்து நாங்கள் கேட்கவில்லை, நீண்ட கால உபயோகத்தை வைத்துக் கேட்கிறோம்" என்றாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் கையில் மடித்து வைத்திருந்த பத்திர நகலை மறுபடியும் கட்டுக்குள் வைத்தார்.

நீதிபதி மூன்று கேள்வி கேட்டார். இரண்டுக்குப் பதில் சொன்னாள். மூன்றாவது, முந்தைய நிலச்சொந்தக்காரர் யாரிடம் வாங்கினார் என்பது. "அது எனக்குத் தெரியாது. பார்த்துத் தாக்கல் செய்கிறேன்" என்றாள். நீதிபதி தலையசைத்துக் குறித்துக்கொண்டார். அவள் உட்கார்ந்துவிட்டாள். என் கடிகாரப்படி எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம். நானாயிருந்தால் இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்திருப்பேன். அந்த இரண்டும் கெடுத்திருக்கும்.

எதிர்த்தரப்பு வக்கீலையும் கேட்டபின் உத்தரவு ஆயிற்று. கமிஷனர் அறிக்கை வரும்வரை பாதையை அடைக்கக் கூடாது. அவ்வளவுதான். வழக்கு முடிந்துவிடவில்லை, இன்னும் நடக்கிறது. கடைசியில் யார் ஜெயிப்பார்கள் என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த வருஷத்து மல்லாட்டை வண்டியேறி வீடு வந்து சேர்ந்தது.

வேப்ப மரத்தடியில் பாட்டி அதே கேள்வியைக் கேட்டாள். "நான் சொன்னத சொன்னியா வக்கீலம்மா?"

"சொன்னேன் பாட்டி."

"மாடு மெரண்டதயும் சொன்னியா?"

"அத விசாரணையில நீங்களே சொல்லணும் பாட்டி. நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க."

பாட்டிக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து எங்கள் மூவருக்கும் வெற்றிலை கொடுத்தாள்.

சென்னைக்குத் திரும்பிய மறு மாதம் ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் பேசக் கூப்பிட்டார்கள். என் மருமகளும் வேறு வேலையாக வந்திருந்தவள், கூட வந்தாள். மேடை ஏறுமுன் தலைவரிடம் போய், "எனக்கு எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். அவர் இருபது வருஷமாக என்னை அறிந்தவர். திகைத்துப் போய், "உங்கள் இஷ்டம்" என்றார். பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கைதட்டல் வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. அதற்குக் காரணம் பேச்சின் சிறப்பா, அது முடிந்துவிட்ட சந்தோஷமா என்று நான் விசாரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மருமகளிடம் மெதுவாகக் கேட்டேன்: "எப்படி இருந்தது?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். எதிரொலி அடங்கட்டும் என்று காத்திருந்தாளோ என்னவோ.

"நன்றாக இருந்தது மாமா. தேசிங்கு ராஜனை மட்டும் விட்டிருக்கலாம்" என்றாள்.